நடுவரை ஊதச் சொன்னார்கள்

ஜீவனஹள்ளி கால்பந்து மைதானத்தில் மதலைமுத்துவின் முகத்தில் ஊதிக் காட்டாமல் யாரும் பந்தைத் தொட முடியாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத சட்டம் அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேட்ச் தொடங்கும் முன்னால் இரண்டு டீமும் வரிசையாக நிற்க வேண்டும். நடுவர் மதலைமுத்து ஒவ்வொருவருக்கும் முன்னால் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, "ஊது" என்பார். பீர் வாடை லேசாக அடித்தால் போதும், கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டுவார். அதற்கு அர்த்தம், இன்றைக்கு நீ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கலாம் என்பது. குடித்துவிட்டு ஆட வந்த ஒருவன் இன்னொருவனின் முழங்காலை முறித்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். அன்றைக்கு ஆரம்பித்த வழக்கம் இது.

வாரநாட்களில் அவர் ஒரு கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் அட்டெண்டர். மனைவி ஆஞ்சலா ஓர் ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். கல்யாண வீட்டில் கூட ஒயினைத் தொடாத மனுஷன். அதனால் ஊரில் அவருக்கு மரியாதை உண்டு. மரியாதை இருக்கிற இடத்தில் கொஞ்சம் எரிச்சலும் இருக்குமே, அதுவும் உண்டு. கோல்டன் பூட்ஸ் டீமின் கேப்டன் தினேஷை ஒரு வருஷம் அரையிறுதியில் வரிசையிலிருந்தே வெளியே அனுப்பியிருந்தார். கார் ஏ.சி. மெக்கானிக்கான தினேஷ் அதை மறக்கிற ஆளில்லை.

இப்படிப்பட்ட மதலைமுத்துவுக்கு நாற்பத்தொன்பதாவது வயதில் சாப்பாடு இறங்காமல் போனது.

முதலில் டீ. ஒருநாள் சாயங்காலம் லேபைப் பூட்டிவிட்டுக் கேன்டீனில் டீ குடித்தார். பாதி தொண்டைக்குள் போனது, பாதி மூக்கு வழியாக வந்தது. சிரித்துக்கொண்டே துடைத்துக்கொண்டார். பிறகு சப்பாத்தி. முதல் சப்பாத்தி ஒழுங்காக இறங்கும். இரண்டாவதை மெல்லும்போது தாடை சோர்ந்துவிடும். கீழ்த்தாடைக்குக் கையை முட்டுக்கொடுத்து மெல்ல வேண்டியிருந்தது. தண்ணீர் குடித்தால் புரையேறிக் கண்ணில் நீர் வந்துவிடும். ஆனால் மறுநாள் காலை ஆறு இட்லியை அலட்சியமாக உள்ளே தள்ளுவார். ராத்திரி சாகக் கிடந்த தொண்டை காலையில் ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும். இந்தக் கண்ணாமூச்சிதான் அவரை ரொம்பக் குழப்பியது.

டாக்டரைப் பார்க்காமல் இல்லை. தொண்டையைப் பார்த்தார்கள், வயிற்றைப் பார்த்தார்கள். "வெறும் வயித்தோட காலைல ஏழு மணிக்கு வந்துடுங்க" என்று சொல்லிக் குழாயை விட்டும் பார்த்தார்கள். அடைப்பு இல்லை, கட்டி இல்லை, புண் இல்லை. ரோடு கிளியர் என்றார்கள். காலை ஏழு மணிக்கு அவருக்குத்தான் எல்லாமே கிளியராயிற்றே! கேஸ் என்றார் ஒருவர். டென்ஷன் என்றார் இன்னொருவர். ஆஞ்சலா தன் பங்குக்கு ஆயுர்வேதக் கடையிலிருந்து ஜீரகாரிஷ்டம் வாங்கி வந்து, மத்தியானமும் சாயங்காலமும் ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தாள். அரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்கிற மருந்து, அதற்கென்று ஒரு வாடை உண்டு என்பது இரண்டு பேருக்கும் அப்போது உறைக்கவில்லை.

மதலைமுத்து யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஊரையே வரிசையில் நிற்க வைத்து அதட்டுகிற ஆள், எனக்குச் சோறு முழுங்க வரவில்லை என்று எப்படிச் சொல்வார்? விருந்துக்குப் போனால் பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். சர்ச்சில் சாயங்காலப் பூசையில் வாங்கிய நன்மை அப்பம் ஒருநாள் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் அவரை அழவைத்துவிட்டது. அன்றிலிருந்து விடிகாலைப் பூசைக்கு மாறிக்கொண்டார். அப்போதுதான் அது இறங்கும்.

ஊருக்குக் கண் இருக்கிறது, வேலைதான் இல்லை. ஊர் கூட்டிக் கழித்துப் பார்த்தது. ஆள் இளைத்துப் போயிருக்கிறார். சாயங்காலமானால் இமை சொருகிக் கிடக்கிறது. பேச்சு குழறி மூக்கால் வருகிறது. படியில் கால் வைக்கும்போது படி இரண்டாகத் தெரிகிற மாதிரி தடுமாறுகிறார். (இரண்டாகத்தான் தெரிந்தது, பாவம்.) காலையில் மட்டும் தெளிவாக இருக்கிறார். சாயங்காலப் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டார். இதற்கெல்லாம் சேர்த்து ஊருக்குத் தெரிந்த வியாதி ஒன்றே ஒன்றுதான். 'ஊதுண்ணா' ரகசியமாக ஊற்றிக்கொள்கிறார் என்று பேசிச் சிரித்தார்கள்.

ஈஸ்டர் கோப்பை அரையிறுதியில் அது வெடித்தது.

கோல்டன் பூட்ஸ் ஒரு கோல் முன்னால் இருந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரம். எதிர் டீம்காரன் தினேஷின் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டுப் பந்தோடு ஓடினான். அப்பட்டமான ஃபவுல். மதலைமுத்து பார்த்தார். விசிலை வாயில் வைத்து ஊதினார். சத்தம் வரவில்லை. மறுபடி ஊதினார். கன்னம் உப்பவே இல்லை. காற்றெல்லாம் மூக்கு வழியாகப் புஸ்ஸென்று போனது. கத்தப் பார்த்தார், குரலும் கைவிட்டது. அதற்குள் பந்து வலைக்குள் போய்விட்டது. ஆட்டம் நிற்கவில்லையே, அதனால் கோல் கோல்தான்.

அவரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. தள்ளுமுள்ளில் யாருடைய முழங்கையோ அவருடைய இடது புருவத்தில் பட்டது. தினேஷ் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றான்.

"முத்துண்ணா, எங்க எல்லாரையும் ஊதச் சொல்றியே, இப்ப நீ ஊது குரு. பாக்கலாம்."

மதலைமுத்து ஊத முயன்றார். உதடு குவியவில்லை. மூக்கால் காற்று வந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஊத மாட்டேங்கறாரு பாருங்க! பிடிபட்டவன் போலீஸ்கிட்ட பண்ற வேலை இது!" தினேஷ் குனிந்து அவர் வாய்க்கருகே மூக்கைக் கொண்டுபோனான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் கோபம் போய்ப் பெருமை வந்திருந்தது. "அடிக்குது மச்சா. வாடை அடிக்குது!"

அடித்தது நிஜம்தான். நாலரை மணிக்கு ஆஞ்சலா ஊற்றிக் கொடுத்த ஜீரகாரிஷ்டம் அது. அதைச் சொல்லத்தான் மதலைமுத்து வாயெடுத்தார். வந்ததெல்லாம் குழறல். போட்டியை நடத்துகிற டிரேவர் நல்ல மனுஷன்; மதலைமுத்துவின் தோளில் கைபோட்டு மைதானத்துக்கு வெளியே கூட்டிப்போய், "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு மேன். அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். இவ்வளவு மரியாதையாக ஓர் ஆளைத் துரத்த டிரேவரால்தான் முடியும். வீடு வரைக்கும் மதலைமுத்து தலையைத் தூக்கவில்லை. வியாதியால் செத்தாலும் பரவாயில்லை, குடிகாரன் என்ற பேரோடு சாகக்கூடாது என்று மட்டும் தோன்றியது.

ஆஞ்சலாவுக்கு விஷயம் அவருக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்திருந்தது. அவள் அழவில்லை, திட்டினாள். ஊரைத் திட்டினாள், தினேஷைத் திட்டினாள், அரிஷ்டம் பாட்டிலை எடுத்துக் கழுவுதொட்டியில் கவிழ்த்துவிட்டு அதையும் திட்டினாள். பிறகு வீங்கிய புருவத்துக்கு ஒரு துண்டில் ஐஸ் கட்டியைச் சுற்றி, இடது கண்மேல் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்தவள் அப்படியே பார்த்தபடி இருந்தாள்.

வலது கண் சொருகியபடியே கிடந்தது. இடது கண் நன்றாகத் திறந்திருந்தது.

"ஏங்க, ஆடாம இருங்க" என்று சொல்லி மொபைலை எடுத்து ஒரு போட்டோ பிடித்தாள். சில நிமிஷத்தில் அந்த இமையும் பழையபடி இறங்கியது. அவள் மறுபடி ஐஸ் வைத்தாள். மறுபடி திறந்தது. மறுபடி போட்டோ.

"குடிச்சவன் கண்ணு ஐஸ் வெச்சா தெறக்குமா? நீங்களே சொல்லுங்க" என்றாள். "இது கேஸும் இல்ல, டென்ஷனும் இல்ல. எவ்ளோ செலவானாலும் சரி, நாளைக்கு நான் லீவு."

கம்பெனியில் தெரிந்தவர்களை விசாரித்து, மல்லேஸ்வரத்தில் வீணா என்கிற நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். காலை நேரம். மதலைமுத்து வழக்கம்போலப் புதுமாப்பிள்ளை மாதிரி தெளிவாக இருந்தார். டாக்டர் கன்னடக்காரர், தமிழும் வரும். போட்டோக்களை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு அவர் கேட்ட கேள்வியை அதுவரை எந்த டாக்டரும் கேட்டதில்லை.

"எந்த நேரத்துல முழுங்கறது கஷ்டமா இருக்கு?"

"சாயந்திரம், மேடம். காலைல ஒண்ணுமே இல்ல."

"அப்போ காலைல வந்து என்ன பிரயோஜனம்? நோடி, இவத்தே, இன்னைக்கே சாயந்திரம் வாங்க. வரும்போது டப்பாவுல சாப்பாடு எடுத்துட்டு வாங்க. என் எதிர்ல சாப்பிடணும்."

சாப்பாட்டு டப்பாவோடு வரச் சொல்லும் ஆஸ்பத்திரியை அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள். சாயங்காலம் அந்த அறையில் மேஜைமேல் காகிதம் விரித்து, மதலைமுத்து சப்பாத்தியும் கறியும் சாப்பிட்டார். டாக்டர் எதிரில் உட்கார்ந்து, நர்ஸைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கவனமாகப் பார்த்தார். முதல் வாய் சுலபமாக இறங்கியது. போகப்போகத் தாடை சோர்ந்தது; கை தானாகத் தாடையைத் தாங்கப் போனது. "போதும், நிறுத்துங்க" என்றார் டாக்டர். ஒரு வாய் தண்ணீர் கொடுத்தார். அது மூக்கில் வந்தது. ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணச் சொன்னார். இருபதைத் தாண்டும்போது குரல் மூக்குக்குப் போய்விட்டது. கன்னத்தை உப்பச் சொன்னார். உப்பவில்லை.

"வேற எதாவது பிராப்ளம் இருக்கா? முன்னாடி எதாவது?"

"தைராய்டுக்கு ரொம்ப வருஷமா மாத்திரை போடறேன், மேடம்."

"இதை யார்கிட்டயும் சொல்லலியா?"

"அவங்க தொண்டையைப் பத்திதான கேட்டாங்க" என்றார் மதலைமுத்து. ஆஞ்சலா தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஓர் ஊசி போடச் சொன்னார். காத்திருந்தார்கள். மதலைமுத்துவுக்கு இன்னொரு வீண் ஊசி என்றுதான் தோன்றியது. அரைமணி நேரம் போலக் கழிந்ததும் ஆஞ்சலா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். இரண்டு இமையும் மேலே போயிருந்தன. எதிர்ச் சுவரில் இரண்டாகத் தெரிந்த காலண்டர் ஒன்றாகச் சேர்ந்திருந்தது. டாக்டர் கொடுத்த தண்ணீரைப் பயந்து பயந்து ஒரு வாய் குடித்தார். இறங்கியது. இன்னொரு வாய். அதுவும் இறங்கியது. மீதிச் சப்பாத்தியை எடுத்தவர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கடைசித் துண்டு வரை சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே அழுதார். ஆஞ்சலாவும் அழுதாள். ஒரு சப்பாத்திக்காக இரண்டு பேர் இப்படி அழுததை அந்த நர்ஸ் பார்த்திருக்கமாட்டார்.

ரத்தப் பரிசோதனையும் டாக்டரின் சந்தேகத்தை உறுதி செய்தது. மயஸ்தீனியா கிராவிஸ் என்று பேர் சொன்னார் டாக்டர். அது நமக்கு எதற்கு, விஷயம் இதுதான்: நோயிலிருந்து காப்பாற்ற உடம்புக்குள் ஒரு காவல்படை இருக்கிறதே, அது ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே தாக்குகிறது. நரம்பு சொல்வதைத் தசை வாங்கிக்கொள்கிற இடத்தில் போய் மறித்து நிற்கிறது. நரம்பு முழுங்கு என்கிறது. தசைக்குப் போய்ச் சேருவதில்லை. வேலை செய்யச் செய்யத் தசை சோர்கிறது, ஓய்வு கொடுத்தால் தேறுகிறது. அதனால்தான் காலையில் ராஜா, சாயங்காலம் கூஜா.

"சேம் சைடு கோல்" என்றார் மதலைமுத்து.

டாக்டர் சிரித்துவிட்டார். "கரெக்ட். உங்க டீமே உங்களுக்கு கோல் போடுது. தைராய்டுலயும் அதே வேலையைத்தான் செஞ்சிருக்கு போல. இந்த மாதிரி வியாதிங்க சிலருக்கு ஒண்ணு பின்னால ஒண்ணு வரும். தொண்டைல அடைப்பே இல்லாம முழுங்க முடியலன்னா இதையும் யோசிக்கணும்."

"மேடம், ஒரு சந்தேகம். அப்ப நான் குடிக்கலன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"எழுதி எதுக்கு? போய் விசில் ஊதுங்க!"

சொன்னதும் ஊதிவிடவில்லை. நேரத்துக்கு நேரம் மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை. ஸ்டீராய்டு தொடங்கிய புதிதில் நிலைமை தேறுவதற்குப் பதில் மோசமாகி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தது. அப்படி ஆகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தாலும், அந்த நாட்களில் ஆஞ்சலா ஜெபமாலையைக் கையிலிருந்து இறக்கவில்லை. இது ஒரேயடியாகப் போகிற வியாதி இல்லை, கட்டுக்குள் வைத்திருக்கலாம். மூச்சு திணறினால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் வரவேண்டும். என்னைக் கேட்காமல் வேறு மருந்து எதையும் தொடக்கூடாது. டாக்டர் இதைப் பலமுறை சொன்னார். ஆஞ்சலா அதைவிட அதிகம் சொன்னாள். மெல்ல மெல்ல உடம்பில் சதை பிடித்தது. சாயங்காலப் பூசையில் அப்பம் இறங்கியது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு விசில் ஊதிப் பழகினார். எதிர்வீட்டு நாய்தான் முதலில் மரியாதை கொடுத்துக் குரைத்தது.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் கோப்பை வந்தது. சின்ன மைதானம், டீமுக்கு ஏழு பேர், குறைந்த நேரம். இறுதிப் போட்டிக்கு மட்டும் டாக்டர் அனுமதி கொடுத்தார். மதலைமுத்து டிரேவரிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னார். "ஃபைனல் உனக்குத்தான். நான் உன்னை அன்னைக்கு நம்பியிருக்கணும் மேன்" என்றார் டிரேவர்.

இறுதியில் ஆடிய ஒரு டீம் கோல்டன் பூட்ஸ். மைதானம் நிறைந்த கூட்டம். ஜோக் பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு. இரண்டு டீமும் வரிசையில் நின்றன. மதலைமுத்து நேராகத் தினேஷின் முன்னால் போய் நின்றார். அவன் ஊதுவதற்கு வாயைக் குவித்தான்.

"இரு. மொதல்ல நான்" என்றார்.

கன்னம் இரண்டும் உப்ப, தினேஷின் முகத்தில் ஊதினார். அவன் நெற்றி முடி பறந்தது. வாடை ஒன்றுமில்லை, அவர் குடித்துவந்த காபியைத் தவிர. பிறகு விசிலை வாயில் வைத்து நீளமாக ஓர் ஊது ஊதினார். பக்கத்துத் தெருவில் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். வேலியோரம் நின்ற ஆஞ்சலா, "அதான் என் வூட்டுக்காரரு!" என்று கத்தியே விட்டாள். அவளுக்கு வெட்கமே இல்லை. எதற்கு வெட்கம்?

தினேஷ் தலையைக் குனிந்துகொண்டான். "டிரேவர் எல்லாம் சொன்னாரு. தப்புதாண்ணா, மன்னிச்சிடு" என்றான்.

"அப்புறம் பேசலாம். நீ ஊது" என்றார் மதலைமுத்து.

ஆட்டம் சூடு பிடித்தது. இடைவேளையில் அவர் மாத்திரையை வாயில் போட்டு, கூட்டத்தின் நடுவில் நின்று பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தார். ஒரு சொட்டு கூட மூக்குக்கு வரவில்லை. மற்றவர்களுக்கு அது ஒரு மனுஷன் தண்ணீர் குடிக்கிற காட்சி. ஆஞ்சலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முடியப் போகிற நேரத்தில், ஒன்றுக்கு ஒன்று என்று இருக்கையில், கோல்டன் பூட்ஸ் தடுப்பாட்டக்காரன் கோலுக்கு முன்னால் எதிராளியின் காலை வாரினான். விசில் கணீரென்று ஒலித்தது. மதலைமுத்து பெனால்டி புள்ளியைக் காட்டினார். மைதானமே அவர்மேல் பாய்ந்தது.

"யோவ் ரெஃப்ரி, கண்ணு குருடா?"

"எவ்ளோ வாங்கின சொல்லு!"

"ஒழுங்கா கண்ணாடி போட்டுகினு வாய்யா!"

மதலைமுத்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். குருடன் என்றார்கள். காசு வாங்கியவன் என்றார்கள். அவர் குடும்பத்தில் பலரை இழுத்தார்கள். குடிகாரன் என்று மட்டும் ஒருத்தனும் சொல்லவில்லை. ஒரு நடுவருக்கு உரிய அத்தனை வசவும் வட்டியோடு திரும்பி வந்துவிட்டது. மாலை போட்டிருந்தால்கூட அவர் நெஞ்சு அப்படி நிமிர்ந்திருக்காது. பெனால்டி உள்ளே போனது. கோல்டன் பூட்ஸ் தோற்றது.

ஆட்டம் முடிந்து, ஷாமியானாவுக்குக் கீழே எல்லோருக்கும் மட்டன் பிரியாணி. விளக்குப் போடுகிற நேரம். போன வருஷம் இந்த நேரத்தில் ஒரு டம்ளர் டீயைப் பார்த்தாலே அவருக்குப் பயம். மதலைமுத்து தட்டு நிறைய வாங்கிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார். பாதித் தட்டைத் தாண்டினார். கை தாடைக்குப் போகவில்லை. அப்போது தினேஷ் தன் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். மன்னிப்பெல்லாம் மேட்சுக்கு முன்னாலேயே முடிந்த கதை. இப்போது அவன் வேறு விஷயமாக வந்திருந்தான்.

"முத்துண்ணா, நீயே நியாயத்தைச் சொல்லு. அவன் சும்னே வுழுந்தான். என் பையன் காலே படல. அது எப்டி பெனால்டி ஆவும்?"

மதலைமுத்துவின் வாய் நிறையப் பிரியாணி இருந்தது. இரு என்று கையைக் காட்டினார். தினேஷ் காத்திருந்தான். பக்கத்தில் இருந்தவர்களும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அவர் கறியை நிதானமாக, ருசித்து, நன்றாக மென்றார். ஒருவரையும் பார்க்காமல் முழுங்கினார். அது சுகமாக இறங்கியது.

பிறகு தினேஷைப் பார்த்து, மைதானத்தின் மறுகோடி வரை கேட்கிற கணீர்க் குரலில் சொன்னார்.

"பெனால்டி பெனால்டிதான்டா!"